டாக்டரை நம்பலாமா? 'டாக்டர் ஹூ' தொடரும் நம்பிக்கை என்கிற சிக்கலும்

தமிழில் "நம்பிக்கை" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் நிறைய வேலை வாங்குகிறோம். கடவுள் நம்பிக்கையும் அதுதான். "அவர் நம்பிக்கையான ஆளு"ங்கிறதும் அதுதான். "நம்பிக்கையா இரு, எல்லாம் சரியாயிடும்"னு ஆஸ்பத்திரி வராண்டாவில் சொல்றோமே, அதுவும் அதுதான். சாமி, மனுஷன், நாளைக்கு என்ன ஆகும்ங்கிறது, மூணுக்கும் ஒரே சொல்.

இது மொழியின் குறைன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். 'டாக்டர் ஹூ' தொடரைத் திரும்பப் பார்த்தபோதுதான் வேறு மாதிரி தோணுச்சு. அந்தத் தொடர் இந்த மூணையும் வேண்டுமென்றே கலக்கிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது: ஒருத்தர் உங்களை சாமி மாதிரி நம்ப ஆரம்பிச்சுட்டா, நீங்க என்ன செய்வீங்க?

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஒரு எச்சரிக்கை: கதை முடிவுகள் எல்லாம் வரும். பார்க்கணும்னு நினைக்கிறவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதலில் கொஞ்சம் பின்னணி

தொடரே தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டாக்டர் ஹூ' பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. டாக்டர் என்ற பெயரில் ஒரு வேற்றுக்கிரகவாசி. ஊசி போடுற டாக்டர் இல்லை, அந்தப் பெயரைத் தானே வைத்துக்கொண்டவர். நீல நிற போலீஸ் பெட்டி மாதிரி இருக்கும் டார்டிஸ் என்ற கால எந்திரத்தில் சுற்றுகிறார். சாகும் நிலை வந்தால் உடம்பு மாறி வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். அதனால்தான் நடிகர்கள் மாறி மாறி வந்தும் அறுபது வருஷம் தாண்டியும் கதை ஓடுகிறது. பெரும்பாலும் அவரோடு ஒரு பூமி மனிதரோ இரண்டு பேரோ பயணத் துணையாக இருப்பார்கள்.

1989இல் தொடர் நின்றுபோனது. 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. பிறகு 2005 மார்ச் 26 அன்று ரஸ்ஸல் டி டேவிஸ் பொறுப்பில் புதிதாகக் கிளம்பியது. பழைய கதையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவில்லை, தொடர்ச்சிதான். ஆனால் நாயகன் ஏன் இப்படி ஊர் ஊராகச் சுற்றி யாரையாவது காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார் என்பதற்கான காரணத்தை முழுக்க மாற்றிவிட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த மாற்றம்தான்.

காலப் பயணத்தில் நம்பிக்கை ஏன் தனிச் சிக்கல்?

சாதாரண சாகசக் கதையில் நாயகனை நம்புவது பெரிய விஷயமில்லை. அவருக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட மற்றவர்களுக்கும் தெரியும். காலப் பயணக் கதையில் அப்படியில்லை. டாக்டருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், எது மாறலாம் எது மாறக்கூடாது என்று தெரியும். கூட வருகிறவருக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழிகூட அவர் கையில்தான். அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கும் ஜோசியம் மாதிரி, அருள்வாக்கு மாதிரி ஆகிவிடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2010இல் வந்த 'தி லெவன்த் அவர்'. ஏமி பாண்ட் என்ற ஏழு வயசுப் பெண் பிள்ளை வீட்டுத் தோட்டத்தில் டார்டிஸ் வந்து விழுகிறது. டாக்டர் அவளிடம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் வந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து. அவருக்கு அது ஐந்து நிமிஷம்தான். அவளுக்கு அது பிள்ளைப் பருவம் முழுவதும். அப்படி ஒரு ஆள் வந்ததையே யாரும் நம்பவில்லை. நாலு மனநல மருத்துவர்களிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர்களைக் கடித்து வைத்திருக்கிறாள்.

இதை நகைச்சுவையாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வருவேன் என்று சொன்னவர் வருவார் என்று, ஊரே மறுத்தாலும் ஒரு குழந்தை காத்திருக்கிறது. அது பக்தி. அவர் திரும்பி வந்ததும் அந்த பக்தி குறையவில்லை, உறுதியாகிவிட்டது. பிரச்சனை அங்கேதான் ஆரம்பம்.

1989: பொய் சொல்லி உடைத்த நம்பிக்கை

புதுத் தொடர் செய்ததைப் புரிந்துகொள்ள, பழைய தொடரின் கடைசி வருஷத்துக்குப் போய்வர வேண்டும். 'தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்' 1989 அக்டோபர், நவம்பரில் நான்கு பகுதிகளாக வந்தது. எழுதியவர் இயன் பிரிக்ஸ். டாக்டராக சில்வெஸ்டர் மெக்காய், கூட வரும் இளம்பெண் ஏஸாக சோஃபி ஆல்ட்ரெட். கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்துக் கடற்கரை. ரத்தம் குடிக்கும் பேய்கள் மாதிரி சில ஜந்துக்கள் கடலிலிருந்து எழுந்து வருகின்றன.

அவற்றைத் தடுப்பது சிலுவை இல்லை, நம்பிக்கை. எதன் மேல் என்பது முக்கியமில்லை, உண்மையாக இருந்தால் போதும். இந்த விதியை வைத்து மூன்று காட்சிகள் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பாதிரியார் பைபிளைத் தூக்கிப் பிடிக்கிறார், வேலை செய்யவில்லை. பிரிட்டிஷ் குண்டுகள் ஜெர்மன் ஊர்களில் விழுவதை நினைத்து நினைத்து அவருக்குள் விசுவாசம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. அவர் செத்துப்போகிறார். சோவியத் படை அதிகாரி ஒருவர் தன் சிவப்பு நட்சத்திரச் சின்னத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், வேலை செய்கிறது. கடவுளே இல்லை என்கிறவர்தான், ஆனால் புரட்சியை முழு மனசோடு நம்புகிறார். டாக்டரோ தன் பழைய பயணத் துணைகளின் பெயர்களை முணுமுணுக்கிறார். அவருடைய மந்திரம் அதுதான்.

கடைசியில் ஒரு சிக்கல். வில்லனை அழிக்கக்கூடிய ஒரு ஜந்து முன்னேற வேண்டும். ஆனால் ஏஸ் டாக்டர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அதைத் தடுத்து நிறுத்துகிறது. அவள் நம்பினால் எல்லோரும் சாவார்கள். அதனால் டாக்டர் அவள் முன்னாலேயே அவளைக் கேவலமாகப் பேசுகிறார். எதற்கும் லாயக்கில்லாத பெண், தேவைப்பட்டதால் கூட வைத்திருந்தேன் என்கிற மாதிரி. அவள் நொறுங்கிப்போகிறாள், நம்பிக்கை உடைகிறது, திட்டம் வெற்றி. பிறகு மன்னிப்புக் கேட்கிறார். அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமே இல்லை, வேறு வழியில்லை என்று விளக்குகிறார். அவளும் ஏற்றுக்கொள்கிறாள்.

அவர் சொன்னது பொய். அது ஒரு சதுரங்க நகர்வு. ஆட்டம் முடிந்ததும் பழைய நம்பிக்கை பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005க்குப் பிறகு: டாக்டருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது

பழைய டாக்டர் சுற்றியதற்குப் பெரிய காரணம் ஆர்வம். ஊர் பார்க்கும் ஆசை, கூடவே நியாய உணர்ச்சி. 2005இல் டேவிஸ் அதன் அடியில் ஒரு போரைப் புதைத்தார். காலப் போர் என்று ஒன்று நடந்து முடிந்துவிட்டது, அதை நிறுத்த டாக்டர் தன் சொந்த இனத்தையே அழித்துவிட்டார் என்று அவர் நம்புகிறார். இனி அவர் யாரைக் காப்பாற்றினாலும் அது சாகசம் மட்டும் இல்லை, பாதி பிராயச்சித்தம். குற்ற உணர்ச்சிதான் என்ஜின்.

டேவிஸ் தன்னை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்பவர். அப்படிப்பட்டவர் கைக்கு வந்த தொடரில் நம்பிக்கை காணாமல் போயிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். கடவுள் இருந்த இடத்தில் மனிதர்களைக் கொண்டுவந்து வைத்தார்.

2006இல் 'தி சாட்டன் பிட்'. சாத்தான் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு மிருகத்தின் முன் டாக்டர் நிற்கிறார். அதை ஒழித்தால் தொலைவில் ராக்கெட்டில் இருக்கும் ரோஸும் சாவாள் என்ற நிலை. எத்தனையோ பொய்த் தெய்வங்களைப் பார்த்துவிட்டேன், நம்பக்கூடிய ஒன்று உண்டென்றால் அது அவள்தான் என்று சொல்லிவிட்டு உடைக்கிறார். அவள் சமாளித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை. சமாளிக்கிறாள்.

2007இல் 'க்ரிட்லாக்'. எதிர்கால நகரம் ஒன்றில் சுரங்க நெடுஞ்சாலையில் வருஷக்கணக்காக நகராத டிராஃபிக். உள்ளே மாட்டியிருக்கிறவர்கள் மேலே அரசாங்கம் இருக்கிறது, போலீஸ் வரும் என்று காத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எல்லாக் கார்களிலும் சேர்ந்து ஒரு கிறிஸ்தவப் பாடல் பாடுகிறார்கள். துணைக்கு வந்த மார்த்தாவின் கண்ணில் தண்ணீர். டாக்டர் மட்டும் பாடவில்லை. மேலே போய்ப் பார்த்தால் யாருமே இல்லை, 24 வருஷத்துக்கு முன்பே எல்லோரும் நோயில் செத்துவிட்டார்கள். அந்தப் பாட்டுதான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது, அதே பாட்டுதான் அவர்களைக் கேள்வி கேட்காமலும் வைத்திருந்தது. இரண்டையும் ஒரே காட்சியில் வைக்கிறார் டேவிஸ்.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இரண்டு நிமிஷம். டாக்டர் அதுவரை மார்த்தாவிடம் தன் கிரகம் நன்றாக இருப்பதாகக் கதைவிட்டிருந்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உண்மையைச் சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்கிறாள். அவர் சொல்கிறார்: நான் பொய் சொன்னேன், யாரும் இல்லை, நான்தான் கடைசி. பின்னணியில் ஊர் பாடுகிறது. ஒருத்தி முன்னால் பொய்யை ஒத்துக்கொள்வதுதான் புது டாக்டரின் பிரார்த்தனை என்று வைத்துக்கொள்ளலாம்.

2011: அந்த ஹோட்டல்

இப்போது மையத்துக்கு வருவோம். 'தி காட் காம்ப்ளெக்ஸ்', 2011 செப்டம்பர் 17, எழுதியவர் டோபி விட்ஹவுஸ். அப்போது தொடரின் பொறுப்பு ஸ்டீவன் மோஃபாட் கையில், டாக்டராக மாட் ஸ்மித்.

1980கள் காலத்து மலிவான ஹோட்டல் மாதிரி ஓர் இடம். வெளியே போக வழியில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அறை, அறைக்குள் அவரவரின் மிகப் பெரிய பயம். வராந்தாக்களில் காளைத் தலையோடு ஒரு மிருகம் திரிகிறது. ரீட்டா என்ற இளம்பெண், சதிக் கோட்பாடுகளில் ஊறிய ஹௌவி, சூதாட்டக்காரர் ஜோ, அடிமையாக இருப்பதையே கலையாக்கிக்கொண்ட கிரகத்திலிருந்து வந்த கிப்பிஸ், டாக்டர், ஏமி, அவள் கணவன் ரோரி. தங்கள் அறையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திடீரென்று அந்த மிருகத்தைத் துதிக்க ஆரம்பிக்கிறார்கள். பிறகு சாகிறார்கள்.

மிருகம் பயத்தைத் தின்கிறது என்று டாக்டர் முடிவு கட்டுகிறார். எனவே எல்லோரிடமும் உங்களுக்குத் தைரியம் தரும் நம்பிக்கையை இறுக்கிப் பிடியுங்கள் என்கிறார். பொதுவாக எந்தக் கதையிலும் சரியான அறிவுரை. இங்கே அதுதான் கொல்கிறது. மிருகம் தின்பது பயத்தை இல்லை, நம்பிக்கையை. பயம் வந்தால் மனசு தான் நம்பும் ஒன்றிடம் ஓடும். அந்த நொடியில் அந்த நம்பிக்கையைத் தன் பக்கம் திருப்பிச் சாப்பிடுகிறது. ரீட்டாவுக்கு இஸ்லாம், ஜோவுக்கு அதிர்ஷ்டம், ஹௌவிக்குச் சதிக் கோட்பாடுகள். ரோரிக்கு அப்படி எதுவும் இல்லை, அதனால் அவனுக்கு ஹோட்டல் பயம் காட்டவில்லை, வெளியேறும் கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஏமி ஏன் இங்கே இழுத்துவரப்பட்டாள்? அவள் நம்புவது டாக்டரை.

அவளுடைய அறையில் ஜன்னல் பக்கத்தில் ஏழு வயசுப் பிள்ளை பெட்டியோடு காத்திருக்கிறது. மிருகம் கதவை இடிக்கிறது. டாக்டர் அவள் முன் மண்டியிட்டு, நம்பிக்கையை உடைக்கப் பேசுகிறார். 1989இல் ஏஸுக்கு நடந்த அதே நிலைமை, அதே காரணம். ஆனால் இந்த முறை பொய் இல்லை. உன்னைக் கூட்டி வந்தது என் தற்பெருமைக்காக, என்னை ஒருத்தி வியந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டேன், காத்திருப்பதை விடு, நான் வீரனே இல்லை, பெட்டியில் சுற்றும் ஒரு பைத்தியக்காரன் என்கிறார். இத்தனை நாள் ஏமி பாண்ட் என்று கூப்பிட்டவர் முதல் முறையாக ஏமி வில்லியம்ஸ் என்று ரோரியின் குடும்பப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார். மிருகம் தளர்ந்து விழுகிறது.

வித்தியாசம் இதுதான். ஏஸிடம் சொன்னது பொய், அதனால் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது. ஏமியிடம் சொன்னது உண்மை. உண்மையைத் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் அந்த எபிசோடு முடியும்போது அவர் ஏமியையும் ரோரியையும் ஒரு வீட்டு வாசலில் இறக்கி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் கல்லறை முன் நிற்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் அவர் சொல்லும் காரணம். அந்த மிருகமும் ஒருகாலத்தில் தெய்வமாக வணங்கப்பட்டு, வணங்கியவர்கள் வளர்ந்ததும் சிறையில் போடப்பட்ட ஒன்றுதான். சாகும்போது, அப்பாவிகளின் ரத்தத்தில் நனைந்த பழைய உயிர் ஒன்றுக்குச் சாவு ஒரு பரிசு என்று முனகுகிறது. தன்னைச் சொல்கிறது என்று டாக்டர் நினைக்கிறார். இல்லை, உன்னைச் சொன்னேன் என்கிறது.

அப்படியானால் மதத்தைக் கிண்டல் பண்றாங்களா?

நம்பிக்கையை மிருகம் தின்கிறது, நம்பாதவன் தப்பிக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் நாத்திகப் பிரச்சாரம் மாதிரி இருக்கும். ரீட்டாவைக் கவனித்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ரீட்டாவாக நடித்தவர் இலங்கை வம்சாவளி பிரிட்டிஷ் நடிகை அமாரா காரன். எல்லோரையும் விட நிதானமானவள் அவள்தான். அவளுடைய அறையில் இருக்கும் பயம் என்ன தெரியுமா? கணக்கில் பி கிரேடு வாங்கியதற்காக முறைக்கும் அப்பா. (நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அந்த அறை எண் தெரியும்.) எங்களைக் காப்பாற்றுவது உன் வேலை என்று யார் சொன்னது என்று டாக்டரையே கேட்கிறவளும் அவள்தான். எபிசோடின் பெயரே அந்தப் பேச்சிலிருந்து வருகிறது. தன் முறை வந்தது தெரிந்ததும் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் தனியாக விலகிப் போகிறாள். கேமராவில் என்னைப் பார்க்காதே, என் நம்பிக்கை பறிபோவது தனிமையில் நடக்கட்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறாள். அவர் திரையை அணைக்கிறார். மதிப்பு இல்லாத இடத்தில் இப்படி எழுத மாட்டார்கள்.

2018இல் வந்த 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' இன்னும் நெருக்கம். வினய் படேல் எழுதியது. 1947 ஆகஸ்ட், பிரிவினை நேரம். உம்ப்ரீன் என்ற முஸ்லிம் பெண்ணுக்கும் பிரேம் என்ற இந்துவுக்கும் கல்யாணம். டாக்டராக ஜோடி விட்டேக்கர் அதை நடத்தி வைக்கிறார். அன்றே பிரேம் சாகப்போகிறான் என்று தெரியும், தடுத்தால் கூட இருக்கும் யாஸ் பிறக்கவே மாட்டாள். அவள் உம்ப்ரீனின் பேத்தி. தன் நம்பிக்கை அன்பின் மேல் என்று டாக்டர் அந்த மேடையில் சொல்கிறார். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்கத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். நம்பிக்கை அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கல்யாணம் அர்த்தமுள்ளது என்றுதான் கதை சொல்கிறது.

கடைசியில் என்ன மிஞ்சுகிறது?

ஏமியை இறக்கிவிட்ட டாக்டர் அந்த சீசன் முடிவில் தான் செத்துவிட்டதாக உலகை நம்பவைத்து ஒதுங்குகிறார். தன் பெயர் ரொம்பப் பெரிதாகிவிட்டது என்ற பயம். ஆறு வருஷம் கழித்து, பீட்டர் கபால்டி காலத்தில், 2017 ஜூலை 1 அன்று வந்த 'தி டாக்டர் ஃபால்ஸ்' ஒரு பதில் சொல்கிறது. சில குழந்தைகள் இருக்கும் சின்னப் பண்ணை ஒன்றைக் காக்க நிற்கிறார். ஜெயிக்க வாய்ப்பு குறைவு. பார்க்க ஆள் இல்லை, பாராட்ட ஆள் இல்லை. ஏன் நிற்கிறீர் என்றால், அதுதான் சரி, அதுதான் கருணை, அவ்வளவுதான் என்கிறார். 2005இல் குற்ற உணர்ச்சியில் ஓட ஆரம்பித்த என்ஜின், யாரும் நம்பாவிட்டாலும் ஓடுகிற இடத்துக்கு வந்திருக்கிறது.

நான் கொஞ்ச காலம் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தேன். ஒரு பெண், நல்லாப் படிக்கிறவள், ஒவ்வொரு வரி போட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். "சார், சரியா?" நான் தலையாட்டினால்தான் அடுத்த வரி. எனக்கு அது பெருமையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பரிட்சை ஹாலில் தலையாட்ட நான் இருக்க மாட்டேன் என்பது உறைக்க மூன்று மாதம் ஆனது. முதலில் ஏஸ் வழியை முயற்சி பண்ணினேன், எரிச்சலாகப் பேசினேன், "சும்மா சும்மா கேட்காதே"ன்னு. அவள் பயந்தாளே தவிர கேட்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் என்னுடைய பழைய கல்லூரி மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டினேன். கணக்கில் இரண்டு அரியர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் நான் போர்டில் போட்ட ஒரு ஸ்டெப் தப்பு என்று சொன்னாள்.

தப்புதான்.